ராக்கெட்டிடம் கேட்டுவிட்டுத் தொடவும்

ஜூன் 16, திங்கள்

இன்றிலிருந்து டைரி எழுத வேண்டும் என்று உமா சொல்லிவிட்டாள். முதலாளி ரகுநாத்தின் மகள். ஆஸ்திரேலியாவுக்குப் போய், குதிரையோடு அடிக்காமல் கட்டாமல் அன்பாகப் பழகுவது எப்படி என்று படித்துவிட்டு வந்திருக்கிறாள். அதற்கும் படிப்பு இருக்கிறது. சர்ட்டிபிகேட்கூடக் கொடுக்கிறார்கள்.

"குதிரை இன்னிக்கு என்ன செஞ்சது, அப்ப உங்களுக்கு உள்ளுக்குள்ள எப்படி இருந்துச்சு, ரெண்டையும் எழுதுங்க அங்கிள்" என்றாள்.

குதிரை இன்று என் தொப்பியைக் கவ்வி வேலிக்கு அந்தப் பக்கம் போட்டது. எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. எழுதியாயிற்று.

இவ்வளவுதான் எழுத நினைத்தேன். பேனா நிற்க மாட்டேன் என்கிறது. ரந்தாவ் ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடம் மண்டோராக, ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக, இருந்தவன் நான். காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டில் இந்தத் தர்மராஜ் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டால், தொழிலாளர் லயத்தில் காய்ச்சலாகப் படுத்திருப்பவனும் "இருக்கேன்" என்பான். அப்படிப்பட்டவன் இப்போது முதலாளியின் டுரியான் பழத்தோட்டத்துக்குக் காவல். டுரியானோடு இந்தக் குதிரையும் என் தலையில் விழுந்தது. பந்தயத்தில் ஓடிக் களைத்த வெள்ளைக் குதிரை. பெயர் ராக்கெட். காலையில் ஒரு மரத்தடியில் நின்றால் மாலையிலும் அதே மரத்தடிதான்.

விஷயம் அதன் குளம்பில் இருக்கிறது. வளர்ந்து, செருப்பு மாதிரி முன்னால் நீண்டுவிட்டது. வெட்டிச் சீராக்க வேண்டும். ஆனால் காலைத் தொட விடாது. போன மாதம் குளம்பு வெட்ட வந்த புவனேஸ்வரன் ஒரு உதை வாங்கினார். அவருடைய சாமான் பெட்டி இரண்டு வாங்கியது.

முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார். "ஆகஸ்ட் மூணாந்தேதி புவனேஸ் திரும்ப வருவாரு. அன்னிக்கும் காலு குடுக்கலன்னா மறுநாளு லோரி வந்துரும். ஏத்தி அனுப்பிருவேன்."

எங்கே அனுப்புவார் என்று சொல்லவில்லை. உமா அழுததைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

எனக்கென்ன. குதிரை போனால் ஒரு வேலை மிச்சம்.

ஜூன் 17

மழை. தொப்பி மறுபடியும்.

ஜூன் 20, வெள்ளி

பாடம் ஆரம்பம். குதிரையிடம் நேராகப் போய் நிற்கக் கூடாதாம். பக்கவாட்டில் மெதுவாகப் போய்க் கையை நீட்டி, தொடலாமா என்று கேட்க வேண்டும். அது முகத்தைத் திருப்பிக்கொண்டால் 'வேண்டாம்' என்று அர்த்தம். உடனே ஒரு அடி பின்னால் வந்துவிட வேண்டும். நம் பக்கம் திரும்பி உதட்டை நக்கினால் 'சரி'.

நான் முப்பத்திரண்டு வருடத்தில் யாரிடமும் 'செய்யலாமா' என்று கேட்டதில்லை. 'செய்' என்றுதான் பழக்கம். இருந்தாலும் கையை நீட்டினேன்.

"தொடலாமா?" என்றேன்.

ராக்கெட் பத்தடி தள்ளிப் போய் நின்றது. டுரியான் மரத்திலிருந்த காக்கைகளும் போய்விட்டன.

"கொரல கொறைங்க அங்கிள்."

"இதுதாம்மா கொறைச்ச கொரலு."

அவள் காக்கைகள் போன திசையைப் பார்த்தாள். பிறகு, "வூட்டுலயும் பழகிப் பாருங்க" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

உமா ஒரு சின்ன பாட்டிலில் பூவாசனை எண்ணெய் கொடுத்திருந்தாள். இரண்டு சொட்டு உள்ளங்கையில் தேய்த்து குதிரைக்கு முகரக் கொடுத்தால் மனம் அமைதியாகுமாம். பாட்டில் என் கைதவறி உடைந்தது. எண்ணெய் எல்லாம் ஒன்றுதானே என்று தலைவலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு போனேன்.

ராக்கெட் முகர்ந்தது. மேலுதட்டைச் சுருட்டி, அத்தனை பல்லையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. சிரிக்கிறது என்று போட்டோ எடுத்து உமாவுக்கு அனுப்பினேன். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே என் முகத்தில் தும்மியது.

உள்ளுக்குள் எப்படி இருந்தது? வெளியே ஈரமாக இருந்தது. உள்ளே கவனிக்க நேரமில்லை.

ஜூன் 27, வெள்ளி

வீட்டில் பழகிப் பார்த்தேன். என் மனைவி பஞ்சாலை சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் மெதுவாகப் போய் நின்று, முடிந்த மட்டும் மெல்லிய குரலில், "பஞ்சாலை, ஒம் பக்கத்துல உக்காரலாமா?" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, ரெண்டு கையயும் மேல தூக்குங்க பாப்போம். சிரிங்க. வாய் கோணுதா?"

பக்கவாதம் இல்லை என்று நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். டாக்டரிடம், "முப்பத்தஞ்சு வருசமா கேக்காத மனுசன் கேக்குறாரு டாக்டர், எனக்குப் பயமா இருக்கு லா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் பிரஷர் பார்த்தார். நாலு வருடத்தில் இவ்வளவு குறைந்து அவர் பார்த்ததில்லையாம்.

வீட்டுக்கு வந்ததும் அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காவலுக்காம்.

ஜூலை 8, செவ்வாய்

தோளைத் தொட விட்டது! கழுத்தும். முழங்கால் வரை கை போனது, அப்புறம் முகத்தைத் திருப்பிவிட்டது. நானும் ஒரு அடி பின்னால் வந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் தினமும் நாற்பது நிமிடம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் சும்மா உட்காருகிறேன். இதுவும் பாடம்தான். மண்டோர் வேலையில் யாராவது இப்படி உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எழுத முடியாது. இது நாளைக்கு உமா படிக்கிற டைரி.

உள்ளுக்குள் — சொன்னால் சிரிப்பார்கள் — நன்றாக இருந்தது. இது லோரியில் ஏறக் கூடாது.

உமா நாளை ஆஸ்திரேலியா போகிறாள். ஏதோ பரீட்சை. ஆகஸ்ட் மூன்றாம் தேதி காலைதான் வருவாள். "காஞ்ச புல்லு மட்டும் அங்கிள். வேற தீனி ஒண்ணும் வேணாம்" என்று மூன்று முறை சொன்னாள். ஒரு முறை சொன்னால் எனக்குப் புரியாதா?

ஜூலை 18, ஆடி வெள்ளி

எங்கள் வேலியை ஒட்டித்தான் முனியாண்டி கோயில். தோட்டம் போய்விட்டது, லயம் போய்விட்டது, சாமி மட்டும் போகவில்லை. சாமிக்கு முன்னால் ஒரு சிமெண்டுக் குதிரை இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் மரம் விழுந்து நொறுங்கிப்போனது. புதிதாகச் செய்ய கமிட்டி கூடிக் கூடிக் கலைந்துகொண்டிருந்தது.

இன்று பூசாரி அமிர்தலிங்கம் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். ராக்கெட் வெயிலில் பளபளவென்று நின்றது.

"மண்டோர்! கமிட்டிய நம்பிப் பிரயோசனம் இல்லன்னு சாமி தானாவே ஏற்பாடு பண்ணிக்கிட்டாரு, பாத்தீங்களா?"

"இது முதலாளி குதிரை, பூசாரி."

"முதலாளிக்கும் முதலாளி அவருதானே."

படையலில் முதல் வாய் குதிரைக்கு என்று சர்க்கரைப் பொங்கலை இலையில் வைத்து நீட்டினார். உமா சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் அவள் சொன்னது தீனி. இது பிரசாதம். பிரசாதத்தைத் தீனி என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். முந்திரியை மட்டும் எடுத்து நான் வாயில் போட்டுக்கொண்டு, முறைப்படி ராக்கெட்டிடம் கேட்டேன். உதட்டை நக்கியது. 'சரி' என்று அர்த்தம். கொடுத்தேன்.

ஜூலை 21, திங்கள்

என்னைக் கண்டதும் ஓடி வருகிறது! தோட்டத்தின் அந்த மூலையிலிருந்து, தானாக! நான் கேட்பதற்கு முன்பே உதட்டை நக்குகிறது. சட்டைப் பையை முகர்கிறது. அன்பால் எதையும் சாதிக்கலாம் என்று உமா சொன்னது சும்மா இல்லை. எனக்கு இதில் கைராசி இருக்கிறது.

சாமி குதிரை என்ற செய்தி தமான் குடியிருப்பு வரை போய்விட்டது. தினமும் யாராவது வேண்டுதல் என்று ஒரு தூக்கு பொங்கலோடு வருகிறார்கள். நான் முந்திரியை எடுத்துவிட்டுக் கொடுக்கிறேன்.

ஜூலை 25, வெள்ளி

ராக்கெட் வாலை எத்தனை முறை ஆட்டுகிறது என்று எண்ணி லாட்டரிக்கு நாலு நம்பர் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்றும் அடிக்கவில்லை. ஈ இல்லாத நாளாகப் பார்த்து எண்ணியிருக்க வேண்டும்.

ஜூலை 30, புதன்

இப்போது ஓடி வருவதில்லை. ஒவ்வொரு அடியாக, யோசித்து யோசித்து வைத்து வருகிறது. நிற்கும்போது முன்காலை நீட்டி, பின்னால் சாய்ந்து நிற்கிறது. விருந்து சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்கிற முதலாளி மாதிரி. தொப்பியைக்கூடத் தொடுவதில்லை. சாந்தம் வந்துவிட்டது.

உமாவுக்கு அப்படியே சொல்லி அனுப்பினேன். இதயம் இதயமாக அனுப்பியிருக்கிறாள். இனி லோரி வராது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது.

முதலாளி, உமா, புவனேஸ்வரன் மூன்று பேரும் ஒன்பது மணிக்கு வந்தார்கள். நான் சலவைச் சட்டை போட்டிருந்தேன். "பாருங்க பாஸ்" என்று சொல்லிவிட்டு ராக்கெட்டின் பக்கவாட்டில் மெதுவாகப் போய், கையை நீட்டி, இடது முன்காலுக்குக் குனிந்து, "தரியாப்பா?" என்று கேட்டேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஒரு அடி பின்னால் வந்தேன். திரும்பக் கேட்டேன். திரும்பவும் அதே. வலது காலைக் கேட்டேன். அதற்கும் இல்லை. ராக்கெட் உடம்பெல்லாம் நடுங்கியது.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "மண்டோர், ஒன்றரை மாசம்."

"மூக்கக் கயித்தப் போட்டு முறுக்கிப் புடிச்சா நிக்கும் பாஸ்" என்றார் புவனேஸ்வரன். "எனக்கும் புடிக்காது. ஆனா லோரிக்கு இது தேவல."

அவர் சொன்னது நியாயம்தான். கயிறு போட்டால் நிற்கும், வெட்டிவிடலாம், லோரி வராது. என் வாயிலும் சரி என்றுதான் வந்தது. ஆனால் கயிற்றைப் பார்த்ததும் ராக்கெட் என் முதுகுக்குப் பின்னால் தலையை வைத்துக்கொண்டது. நான் குறுக்கே நின்றுவிட்டேன்.

"வேணாம்னு சொல்லுது பாஸ்."

"குதிரைக்கு என்ன மண்டோர், வேணும் வேணாம்?"

அப்போதுதான் உமா உட்கார்ந்து குளம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. புவனேஸ்வரனும் உட்கார்ந்தார். குளம்புக்கு மேலே விரலை வைத்து நாடி பார்த்தார்.

"கொதிக்குது பாஸ். இது பிடிவாதம் இல்ல, வலி. ஒரு காலத் தூக்குனா பாரமெல்லாம் மத்த காலு மேல போவும்ல? அதத் தாங்க முடியாமத்தான் தர மாட்டேங்குது." என்னைப் பார்த்தார். "இனிப்பு கினிப்பு தின்னா இப்படிக் காலுல எறங்கும். என்ன தீனி குடுத்தீங்க மண்டோர்?"

புல் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. குதிரை நோய்க் குதிரை என்று ஆகிவிடும், லோரி வரும், என் வேலை இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் வேலிக்கு மேலே பூசாரியின் தலை தெரிந்தது. கையில் இலை. இலையில் ஆவி பறக்கும் பொங்கல்.

"மண்டோர், இன்னிக்கு நெய் கொஞ்சம் தூக்கல்!"

"நான்தான் குடுத்தேன்!" என்றேன். ஒன்றரை மாதம் அடக்கி வைத்திருந்த குரல் மொத்தமாக வெளியே வந்துவிட்டது. ரந்தாவ் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். "பதினாறு நாளா நான்தான் குடுத்தேன் பாஸ்! அது மேல ஒரு தப்பும் இல்ல!"

முதலாளி இலையைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார்.

"குதிரைக்கு... பொங்கலா?"

"ஆமா பாஸ்."

"முந்திரியோடயா?"

"முந்திரிய எடுத்துருவேன் பாஸ்."

உமா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நொண்டுகிற குதிரையை எந்த லோரிக்காரனும் ஏற்ற மாட்டான் என்று புவனேஸ்வரன் மெதுவாகச் சொன்னார். முதலாளி காரில் ஏறி, கண்ணாடியை இறக்கினார்.

"கொணமாவுற வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் பாப்போம். ஒங்களுக்கும் அதே கணக்குதான் மண்டோர்."

ஆகஸ்ட் 4, திங்கள்

மிருக டாக்டர் வந்து ஊசி போட்டார். பிழைத்துக்கொள்ளும், நாளாகும் என்றார்.

டைரியைத் திருப்பிப் பார்த்தேன். சாந்தமாம். ஜூலை முப்பதாந்தேதி, நானே என் கையாலே எழுதி வெச்சிருக்கேன். அது வலியில துடிச்சுக்கிட்டு நிக்குது, நான் பார்த்துட்டுச் சாந்தம்னு எழுதியிருக்கேன். கைராசியாம். மண்ணாங்கட்டி.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. காலையிலிருந்து தள்ளிப் பார்க்கிறேன், போகவில்லை.

பதினாறு வருடம் இருக்கும். செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்குகிற மயிலம்மாள் பெரட்டில் முன்னால் வந்து, "காலு வலிக்குது மண்டோர், முள்ளு ஏறிருச்சு, இன்னிக்கு வேணாம்" என்றாள். "சோம்பேறித்தனத்துக்கு முள்ளுன்னா பேரு?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்கும் பெருமை. அவள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். அந்த வாரமே கால் வீங்கி, சிரம்பான் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். நான் ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

என்ன வேலை?

ஆகஸ்ட் 9, சனி

தினமும் ஐஸ் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். ரந்தாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஐஸ் கொண்டுவருவதற்குள் பாதி என் முதுகில் உருகிவிடுகிறது. பூசாரிக்குக் குற்ற உணர்ச்சி. கோயிலில் அறிவிப்புச் செய்துவிட்டார். இனிமேல் பொங்கல் கிடையாது, சாமி குதிரைக்கு ஐஸ்தான் நேர்த்திக்கடன். இன்று மட்டும் பதினொரு பாக்கெட். ஒன்றில் ரோஸ் சிரப்பும் ஊற்றியிருந்தது. திருப்பி அனுப்பினேன்.

பஞ்சாலை தினமும் வந்து புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து அலசிக் கொடுக்கிறாள். புல்லில் இருக்கிற சர்க்கரைகூடப் போக வேண்டுமாம். "அரிசி களையுற மாரிதானே" என்கிறாள். அரிசி களைந்து எனக்கு இவ்வளவு கவனமாகக் கொடுத்த ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 22

ஆடி போய் ஆவணியும் வந்துவிட்டது. இன்று நாலு அடி நடந்தது. நான் கைதட்டவில்லை. தட்ட வேண்டும் போல் இருந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தொப்பி போய்விட்டது! வேலிக்கு அந்தப் பக்கம்! பஞ்சாலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் தொப்பியைப் பார்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டே நின்றோம். என் கண்ணில் தண்ணீர் வந்தது, ஐஸ் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

கொடுத்தது.

கேட்டேன். என்னைப் பார்த்தது. உதட்டை நக்கியது. பையில் ஒன்றும் இல்லை, முன்கூட்டியே இரண்டு பையையும் வெளியே இழுத்துக் காட்டியிருந்தேன். இடது முன்காலைத் தானாகத் தூக்கி என் கையில் வைத்தது. என்ன கனம்! புவனேஸ்வரன் மூச்சுவிடாமல் வெட்டினார். நடுவில் ஒரு தடவை முகத்தைத் திருப்பியது, கீழே விட்டோம், நாலு பேரும் ஒரு அடி பின்னால் போனோம். முதலாளியும் போனார், பளபளவென்ற சப்பாத்துடன் சேற்றில். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பக் கொடுத்தது. நாலு காலும் முடிய இரண்டரை மணி நேரம்.

நான் லோரியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. முதலாளிதான் சப்பாத்தைப் புல்லில் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"மண்டோர், கொட்டகைக்குத் தகரம் போட்டா மழைக்குச் சத்தம் கேட்டு இது பயப்படுமா? ஓடு போட்ருவோமா?"

"அதுகிட்டயே கேட்டுருவோம் பாஸ்" என்றேன்.

செப்டம்பர் 20, சனி

மயிலம்மாள் தமானில் கடைசி வரிசை வீட்டில் இருக்கிறாள் என்று பஞ்சாலை விசாரித்துச் சொன்னாள். மோட்டாரில் போனேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறாள். கேட்டுக்கு வெளியே பக்கவாட்டில் நின்று, "வரலாமா மயிலு?" என்றேன்.

பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 21

போனேன். முகத்தைத் திருப்பினாள். வந்துவிட்டேன். "சாப்பிட ஏதாச்சும் வாங்கிட்டுப் போங்களேன்" என்றாள் பஞ்சாலை. வேண்டாம். ஒரு தடவை பட்டது போதும்.

செப்டம்பர் 22, திங்கள்

இன்றும் போனேன். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வரலாமா?" என்றேன். முகத்தைத் திருப்பினாள், ஆனால் எழுந்து உள்ளே போகவில்லை. முறைப்படி நான் ஒரு அடி பின்னால் வைத்தேன்.

பின்னால் லோங்காங். மூடி இல்லாத சாக்கடை. கணுக்கால் மடங்கி, இடுப்பு வரை உள்ளே. தொப்பி மிதந்துகொண்டு போனது.

மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. கீரைத் தட்டைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மயிலம்மாள் சிரித்தாள். சிரித்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது. நான் சாக்கடையிலேயே நின்றேன். அவளுக்கு அந்தச் சிரிப்பு வர வேண்டியதுதான்.

பிறகு சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து, கேட்டைத் திறந்து, கையை நீட்டினாள்.

"காலு வலிக்குதா மண்டோர்?"

"வலிக்குது மயிலு" என்றேன்.

"அப்ப நடக்காதீங்க. வந்து உக்காருங்க."